சரக்கு வாங்காதவர்கள் ஜன்னல் வழியாக

அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. பதினோரு வருஷத்தில் அது ஒரு விண்ணப்பத்தைக்கூட நிராகரித்தது கிடையாது. இல்லத் தொழில் ஊக்குவிப்பு அலுவலகம் என்று அதற்குப் பெயர். வீட்டு முன்னறையில் சின்னதாய் ஒரு கடை வைத்துப் பிழைக்க நினைப்பவர்களைக் கைதூக்கிவிடுவதற்கென்றே ஏற்பட்டது என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். இதுவரை எத்தனை பேரைத் தூக்கிவிட்டது என்று கேட்டால் மட்டும் அங்கே இருக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

சக்கரக்காரி இதையெல்லாம் விசாரிக்காமலே போய் மாட்டிக்கொண்டாள். சக்கரக்காரி என்பது தெரு வைத்த பெயர். ஒன்பது வருஷம் ஒரு பேரிங் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை பார்த்தவள். சக்கரத்தைக் காதருகே பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், உள்ளே எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது. காது மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

தெருக்கோடியில் ஒரு பழைய கார் நிறுத்துமிடம் இருந்தது. கார்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டதால் அங்கே சாயங்காலமானால் ஸ்கேட்போர்டு பலகைகள்தான் ஓடும். பெரிய கடையில் பளபளவென்று வாங்கிய பலகை ஒரே மாதத்தில் மணல் ஏறி இறுகிப்போகும். அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இவள் வாசலுக்கு வருவார்கள். இவள் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, மாட்டிக் கொடுப்பாள். ஒரு தள்ளு தள்ளினால் தெரு முனையில் போய்த்தான் நிற்கும். இலவசமாக எத்தனை நாள் செய்வது? தொழிற்சாலை கொடுத்த கடைசித் தொகையைப் போட்டு நாற்பது பலகையும், சக்கரங்களும், பேரிங்கும், பலகைமேல் ஒட்டுகிற சொரசொரப்புத் தாளும் வரவழைத்தாள். கட்டிலுக்கடியில் இருபது, அலமாரி மேல் பத்து, மீதி பத்து மாமியாரின் கட்டிலுக்கடியில். வீட்டில் மிச்சமிருந்தது மூன்று பேரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய வேலையும்தான்.

விண்ணப்பம் கொடுத்த அன்று முன் மேசையில் இருந்தவர் விதியை விளக்கினார். நூற்றெண்பது நாளுக்குள் முடிவு கிடைக்காவிட்டால் விண்ணப்பம் தானாகக் காலாவதியாகிவிடும். பிறகு மூன்று வருஷத்துக்கு மறுபடி போட முடியாது. அது நிராகரிப்பு ஆகாதா என்று அவள் கேட்டாள். நிராகரிப்பதென்றால் இயக்குநர் தன் கைப்பட நாற்பது பக்கம் காரணம் எழுத வேண்டும், அவ்வளவு கடுமையான நடவடிக்கையில் இந்த அலுவலகத்துக்கு நம்பிக்கை இல்லை என்றார் அவர். சொல்லிவிட்டு அவளுடைய கோப்பைப் பக்கத்தில் நின்ற ஒரு தள்ளுவண்டியில் போட்டார்.

வயதான பியூன் ஒருவர் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நீளமான நடைக்குள் போனார். கீச்ச்-டக், கீச்ச்-டக் என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பக்க அறைகளிலும் நாற்காலிகள் இழுபட்டன, பேனா மூடிகள் திறந்தன, யாரோ ஒரு காகிதத்தைச் சத்தமாகப் புரட்டினார்கள். சக்கரக்காரிக்குப் பல் கூசியது. முன்பக்கத்து இடது சக்கரம் இறுகிக் கிடக்கிறது என்று அவள் காது சொன்னது. காது முதல் நாளே சொல்லிவிட்டது. புத்திக்கு எட்டத்தான் நூற்று நாற்பது நாளுக்குமேல் ஆனது.

இருபது நாள் கழித்துப் போனபோது கோப்பு ஆட்சேபணைப் பிரிவில் இருப்பதாகச் சொன்னார்கள். நடையின் கடைசியில் மூன்று கதவுகள். வலது பக்கம் அனுமதிப் பிரிவு. நேர் எதிரே இயக்குநர். இடது பக்கம் ஆட்சேபணை. ஆட்சேபணை அறையில் கூரை முட்டக் கோப்புகள் நின்றன. அவற்றுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன் கடையை யார் ஆட்சேபித்தார்கள் என்று அவள் கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் இல்லம்மா," என்றார் ஆட்சேபணைக்காரர்.

"அப்புறம் எதுக்கு என் கோப்பு இங்க வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். காரணம் இல்லாம ஒரு கோப்பு என் அறைக்கு வருமா? வந்திருக்குன்னா ஏதோ இருக்கு. என்னன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. உங்களுக்காகத்தான் கஷ்டப்படுறேன், புரிஞ்சுக்கணும்."

அடுத்த வாரம் அவர் அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தார். முன்னறையை நீளமும் அகலமும் அளந்தார். மாமியார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் அளந்தார். வியாபார நேரத்தில் கடைக்குள் உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளரா, பணியாளரா, சரக்கா என்று மருமகளிடம் கேட்டார். மாமியார் என்று பதில் வந்தது. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு "அகற்றத்தக்க தடை" என்று எழுதிக்கொண்டார். மாமியாருக்கு எழுதப் படிக்க நன்றாகவே தெரியும். எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்று வீட்டில் இருவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் முழுக்க அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து வருகையை எண்ணினார். புருஷன் பஸ் டிரைவர். முறை மாறி மாறி வருவான், போவான். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். சாயங்காலம் கணக்கு வந்தது. விதிப்படி வீட்டுக் கடைக்கு நாளொன்றுக்குப் பத்து வாடிக்கையாளருக்குமேல் வரக் கூடாது. இந்த வீட்டிலோ ஒரே ஆள் இருபத்திமூன்று தடவை வந்து போயிருக்கிறார், ஒன்றும் வாங்கவுமில்லை. இது கடையின் தரத்தையே சந்தேகிக்க வைக்கிறது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

பத்து நாளில் இயக்குநர் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வந்தது. சரக்கு வாங்கும் நோக்கமில்லாத எவரும் வியாபார நேரத்தில் முன்வாசலைப் பயன்படுத்தலாகாது. வீட்டார் உட்பட அனைவரும் பின்பக்க ஜன்னல் வழியாக வந்து போக வேண்டும். கடை திறக்கும் முன் அறுபது நாள் பழக வேண்டும், இதற்குப் பழக்கக் காலம் என்று பெயர். ஜன்னலின் கம்பியைக் கழற்றும் செலவு விண்ணப்பதாரரைச் சேர்ந்தது.

அறுபது நாளும் பழகினார்கள். வேறென்ன செய்வது? டிரைவர் காலை ஐந்து மணிக்கு சீருடையோடு ஜன்னலேறிக் குதித்து வேலைக்குப் போனான். பக்கத்து வீட்டு நாய் முதல் நாள் குலைத்தது, இரண்டாம் நாள் குலைத்தது, மூன்றாம் நாள் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது. மாமியாருக்கு ஒரு முக்காலி இந்தப் பக்கம், ஒரு முக்காலி அந்தப் பக்கம். ஒரு நாள் அந்தப் பக்கத்து முக்காலி சாய்ந்துவிட்டது. முழங்கால் வீங்கி நீலம் பூத்தது. அன்றைக்குப் பார்த்து ஆட்சேபணைக்காரர் பழக்கத்தைப் பரிசோதிக்க வந்திருந்தார். "நாலு நாள் வலிக்கும்மா, அப்புறம் பழகிடும்" என்று தேறுதல் சொன்னார்.

அவர் போனதும் மாமியார் காலை நீட்டிக்கொண்டு உத்தரவைக் கையில் வாங்கி, அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இதைப் போட்டவனை இதே ஜன்னல் வழியா ஏத்தி இறக்காம நான் போய்ச் சேர மாட்டேன்" என்றாள். மருமகள் மருந்து தடவிக்கொண்டே தலையாட்டினாள். மாமியாரும் மருமகளும் ஒரே விஷயத்தை ஒரே மனதாக விரும்பியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

கையெழுத்துப் போட்டவரைச் சக்கரக்காரி நேரில் பார்த்தது பொறுமைப் பயிற்சி வகுப்பில். மூன்று நாள் வகுப்பு. விண்ணப்பதாரர் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். கைதட்டுபவர்களுக்குத்தான் வருகைப் பதிவு. முதல் நாள் நான்கு மணி நேரம் கழித்து இயக்குநர் வந்து மேடையேறினார். நல்ல உயரம், நல்ல நிறம், பதினோரு வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தவரின் நல்ல தோல்.

"நம்மகிட்ட தொழில் ஏன் வளரல தெரியுமா? அவசரம்," என்றார். "ஒருத்தர் காலைல கடை போடணும்னு நினைக்கிறார், சாயங்காலம் போட்டுடுறார். அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்? யோசிக்கணும். என் மேசையை யார் வேணா வந்து பாக்கலாம். ஒரு கோப்பு இருக்காது. இன்னிக்கு நேத்து இல்ல, பதினோரு வருஷமா இல்ல. என் மேசைக்கு வர்ற கோப்பு அன்னிக்கே கையெழுத்தாகணும், கையெழுத்தில்லாம கீழ இறங்கக் கூடாது. நானே போட்ட உத்தரவு. சாயங்கால மணி அடிக்கும்போது யார் மேசையில தனக்கு வந்த கோப்பு தேங்கிக் கிடக்குதோ, அவரோட நாற்காலியை எடுத்துடணும். முடிக்கிற வரைக்கும் நின்னுதான் வேலை பாக்கணும். இயக்குநர் உட்பட. எனக்கு நானே சலுகை குடுத்துக்கிற ஆள் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற ஆட்சேபணைக்காரர் மட்டும் தட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபது நாள் நாற்காலி இல்லாமல் நின்றவர் அவர். அன்றிலிருந்து தன் அறைக்கு வரும் கோப்புகளை எல்லாம் "தேக்கம்" என்று எழுதாமல் "ஆய்வில்" என்று எழுதப் பழகியிருந்தார்.

நூற்று நாற்பதாவது நாள் அவளுடைய கோப்பில் இன்னும் ஆட்சேபணை கிடைக்கவில்லை. ஆட்சேபணைக்காரருக்கே கவலையாகிவிட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அவளே அவள் கடையை ஆட்சேபித்து ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டியது. அதற்கு அவளே பதில் எழுத வேண்டியது. ஆட்சேபணை தீர்ந்தது என்று அவர் கோப்பை அனுப்பிவிடுவார்.

அவள் வீட்டுக்கு வந்து எழுதினாள். மாமியார் எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பெண்ணுக்கு வியாபாரம் தெரியாது, கடன் கேட்டால் இல்லையென்று சொல்ல வராது, காலையில் நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை, போன வருஷம் தீய்த்த சட்டி இன்னும் அப்படியே இருக்கிறது என்று வரிசையாக வந்தது. இவ்வளவு போதும் அத்தை என்று மருமகள் சொன்ன பிறகும் நாலு வரி வந்தது. மறுநாள் ஆட்சேபணைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "நல்லா இருக்கு, நியாயமா இருக்கு" என்றார். பிறகு முகம் சோர்ந்து, இவ்வளவு வலுவான ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்ய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் நாற்பது பலகை. ஒன்பது வருஷ உழைப்பு. மாமியாரின் முழங்கால். ஜன்னலேறிப் போகிற புருஷன், அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாத புருஷன். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

அப்போதுதான் கீச்ச்-டக் என்று வண்டி வந்தது. வேறு செய்ய வேலை இல்லாததால் அதையே பார்த்தாள். பியூன் நடையின் நடுவில் நேராகத்தான் தள்ளிக்கொண்டு போனார். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கியது. கடைசியில், அளந்து வைத்தமாதிரி, ஆட்சேபணைப் பிரிவின் கதவில் போய் முட்டியது. பியூன் கோப்புகளை இறக்கி உள்ளே வைத்தார். அடுத்த நடைக் கோப்புகளோடு வந்தார். மறுபடி இடது. மூன்றாவது நடையில் அவள் எழுந்து பின்னாலேயே போனாள்.

"அண்ணே, எந்தக் கோப்பு எங்க போகணும்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் பியூன். "வண்டி எங்க போகுதோ அங்க இறக்குறேன். எதிர்த்துத் தள்ளினா என் இடுப்பு போயிடும்."

"எத்தனை வருஷமா?"

"இந்த வண்டி வந்ததுல இருந்து. பதினோரு வருஷம். ரிப்பேர் பண்ணச் சொல்லி நானும் பதினாலு மனு எழுதிட்டேன்."

"மனுவை யார்கிட்ட குடுத்தீங்க?"

"முன் மேசையிலதான். அவர் வண்டியில போட்டார்."

இருவரும் இடது பக்கத்து அறையைப் பார்த்தார்கள். வலது பக்கத்து அறையில், அனுமதிப் பிரிவின் எழுத்தர்கள் இரண்டு பேர் முத்திரையைத் தயாராக மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோப்பையும் பார்த்திராதவர்கள். அவர்களைப்போல் கறை படியாதவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

மற்ற விவரங்களையும் பியூனிடமே கறந்தாள். மூன்று மாதத்துக்கொரு தடவை நகர்வு நாள் வரும். ஆட்சேபணைப் பிரிவிலிருக்கும் கோப்புகள் அத்தனையும் முன் மேசைக்குப் போகும், புதிய தேதி முத்திரை விழும், மறுபடி வண்டியேறி நடைக்குள் வரும், மறுபடி இடது பக்கம் போய்ச் சேரும். "கோப்புகள் துரிதமாக நகர்கின்றன" என்று ஆண்டறிக்கையில் வருவது இதுதான். அடுத்த நகர்வு நாள் எப்போது என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தாள். அவளுடைய விண்ணப்பத்துக்கு அது நூற்றெண்பதாவது நாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு பையோடு வந்தாள். பியூன் நடையில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அவள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டாள். சீருடை மாதிரி ஒரு சாம்பல் சட்டை போட்டு வந்திருந்ததால், சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் அவளைத் தாண்டித்தான் போனார்களே தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து உண்மையாக வேலை செய்வதைப் பார்த்து, தங்களைச் சேர்ந்தவள் இல்லை என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய சக்கரங்கள் இறுகித் துருப்பிடித்திருந்தன. நல்ல வேளையாக அச்சு அவளுடைய சக்கரத்துக்குப் பொருந்துகிற அதே எட்டு மில்லிமீட்டர். ஸ்கேட் பலகைக்கு வைத்திருந்ததிலேயே மிருதுவான நான்கு சக்கரங்களை எடுத்தாள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தாள்.

"வலது பக்கமா இழுக்கிற மாதிரி வச்சுடும்மா," என்றார் பியூன். "அனுமதிப் பிரிவுக்குப் போயிடும். பாவம், அவங்களும் ஒரு தடவை முத்திரை குத்திப் பாக்கட்டும். உன் வேலையும் முடிஞ்சிடும்."

அது புத்திசாலித்தனமான யோசனை. இவ்வளவு நாள் பட்டதற்கு அப்படிச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கடையைத் திறந்திருக்கலாம். நேராக விட்டால் எதிரே இருக்கும் இயக்குநர் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம், மறுநாள் விண்ணப்பம் செத்துவிடும், நாற்பது பலகையும் மூன்று வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். அவளுக்கு அனுமதி வேண்டும்தான். ஆனால் அதைவிட அதிகமாக அவருடைய நாற்காலி வேண்டும் என்று இருந்தது.

"வலது வேண்டாம்ணே," என்றாள். "நேரா போகட்டும்."

நகர்வு நாள் காலை பத்து மணிக்கு முன் மேசையில் முத்திரை விழ ஆரம்பித்தது. பியூன் முதல் நடையை ஏற்றி ஒரு தள்ளு தள்ளினார். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் யாரும் நாற்காலியை இழுக்கவில்லை, பேனாவைத் திறக்கவில்லை. வண்டி இரண்டு பக்கமும் தூங்கிக்கொண்டிருந்த அறைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய், இயக்குநரின் கதவை மெல்ல முட்டித் திறந்து, மேசையருகே நின்றது. அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நடையைப் பார்த்து அவர் சிரித்தார். இரண்டாவது நடைக்கு வழி தவறி வந்திருப்பதாகச் சொன்னார். மூன்றாவது நடையில் மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஆட்சேபணைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பியூன் மிகுந்த பணிவோடு சுவரைக் காட்டினார். மேசைக்கு வந்த கோப்பு கையெழுத்தில்லாமல் கீழே இறங்கக் கூடாது என்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பூ வேலைப்பாட்டோடு அவரே எழுதச் சொன்ன உத்தரவு.

நிராகரிக்கலாமா என்று யோசித்தார். ஆளுக்கு நாற்பது பக்கம், கைப்பட. காலாவதி என்று மூடலாமா என்று யோசித்தார். விண்ணப்பம் காலாவதியானாலும் கோப்பை மூட விண்ணப்பதாரரின் சம்மதக் கடிதம் வேண்டும், மூடாதவரை அது கையெழுத்துக்குரிய கோப்பு, அதுவும் அவர் போட்ட விதிதான். சுருக்கமாக முடிவது ஒன்றே ஒன்று. "அனுமதி" என்று எழுதிக் கீழே கையெழுத்து. பதினோரு வருஷமாக அவர் கை அந்த வார்த்தையை எழுதியதில்லை. முதல் கோப்பில் எழுத்துப் பிழையோடு எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கோப்பு. தையல் கடை, பூந்தொட்டிக் கடை, மிதிவண்டி ரிப்பேர், பாட்டு வகுப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கேட்டவர் இப்போது கண்ணே தெரியாமல் மகள் வீட்டில் இருக்கிறார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. செய்தி எப்படியோ பரவி, நடையில் இருந்த பெஞ்சுகள் நிறைந்தன. சக்கரக்காரி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திறந்த கதவு வழியாக அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவளுடைய கோப்பு முதல் நடையில் வந்தது, அதனால் குவியலின் அடியில் கிடந்தது. அவர் மேலிருந்து எடுத்தார். அவள் குவியலின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. மேசையில் இன்னும் முந்நூறு கோப்பு இருந்தது. அறைகளிலிருந்து எழுத்தர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். பியூன் சட்டையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்.

"ஐயா, நாற்காலி."

"விளையாடுறியா?" என்றார் இயக்குநர்.

"உத்தரவுங்கய்யா. இயக்குநர் உட்படன்னு போட்டிருக்கு."

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை. ஆட்சேபணைக்காரரைப் பார்த்தார். இந்த உத்தரவுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஆட்சேபணைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சுவரிலிருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு, தம் பணிக்காலத்தில் முதல் தடவையாக, ஆட்சேபணை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்.

இயக்குநர் எழுந்தார். சுழல் நாற்காலி நடை வழியாக உருண்டு போனது. வகுப்பில் பழகிய கை சும்மா இருக்குமா? பெஞ்சுகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆறே முக்காலுக்கு, நின்றபடியே, கடைசிக் கோப்பில் கையெழுத்து விழுந்தது. ஸ்கேட் பலகைக் கடை. அனுமதி. சக்கரக்காரி அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் வந்தாள்.

கடை திறந்து பத்து நாளில் கட்டிலுக்கடி காலியானது. முன்னறைச் சுவரில் பலகைகள் வரிசையாகத் தொங்கின. மாமியார் அதே நாற்காலியில் உட்கார்ந்து, எந்தச் சக்கரம் எந்தத் தரைக்கு நல்லது என்று வருகிறவர்களுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உத்தரவை மதிக்கிற குடும்பம் என்பதால் டிரைவர் வாசலில் ஓர் அறிவிப்பும் எழுதி மாட்டியிருந்தான். சரக்கு வாங்காதவர்கள் ஜன்னல் வழியாக.

பதினோராவது நாள் இயக்குநர் வந்தார். ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. அனுமதி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரே விண்ணப்பித்ததால் வண்டி அன்றாடம் நிரம்பி நேராக வந்துகொண்டிருந்தது, மணி அடிப்பதற்குள் முடியாததால் நாற்காலி இன்னும் திரும்பி வரவில்லை.

மாமியார் அவரை வாசலிலேயே நிறுத்தினாள். "ஏதாவது வாங்க வந்தீங்களா?"

பேச வந்ததாக அவர் சொன்னார். பேசுகிறவர்களுக்கு வழி வேறு என்று அவள் அறிவிப்பைக் காட்டினாள். அவர் உடனே சட்டைப்பையில் கையை விட்டார், ஒரு சக்கரமாவது வாங்கிக்கொள்கிறேன் என்றார். அனுமதி வழங்கிய அலுவலர் அனுமதி பெற்றவரிடம் சரக்கு வாங்கக் கூடாது என்று உத்தரவின் மறுபக்கத்தில் இருந்ததை அவள் அவருக்கே படித்துக் காட்டினாள்.

இயக்குநர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். முக்காலி போட்டிருந்தார்கள். ஒரு காலைத் தூக்கி வைத்தார், மறு கால் சட்டத்தில் இடித்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று, பழைய உற்சாகத்தோடு குலைத்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது மாமியார் அவருடைய காலையே பார்த்தாள்.

"நாலு நாள் வலிக்கும்," என்றாள். "அப்புறம் பழகிடும்."

அறையில் இருந்தது ஒரே நாற்காலி. மாமியார் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இயக்குநர் நின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தார். சக்கரம் மாற்றியது யார் என்று பியூனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். வண்டியின் ஒரே ஒரு சக்கரத்தை, முன்பக்கத்து இடது சக்கரத்தை மட்டும், பழையபடி ஆக்கித் தர வேண்டும். எவ்வளவு ஆனாலும் சரி.

சக்கரக்காரி ஒரு பலகையில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். குமிழி இல்லாமல் ஓரம்வரை தேய்த்து முடித்தாள். "செஞ்சு தரலாம்," என்றாள். "முறைப்படி விண்ணப்பம் எழுதிக் குடுங்க. ஆட்சேபணை ஏதாவது இருக்கான்னு பாக்கணும்."

"இதுக்கு யாரும்மா ஆட்சேபிக்கப் போறாங்க?"

"யாரும் இல்லேன்னா நீங்கதான் எழுதணும். உங்க மேலேயே."

அவர் அவளையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். கணுக்கால் வலித்தது. காகிதத்தை வாங்கி, எழுத இடமில்லாமல் ஒரு ஸ்கேட் பலகையை இடது கையில் ஏந்தி, அதன்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். முதல் பக்கம் மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது பக்கத்தில் கை வேகம் பிடித்தது. பதினோரு வருஷம், எழுதுவதற்குக் குறைவா? நாலு பக்கம் ஆனது.

சக்கரக்காரி அதை முழுக்கப் படித்து மாமியாரிடம் கொடுத்தாள். மாமியார் இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா இருக்கு, நியாயமா இருக்கு," என்றாள். மடித்து, நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்த மெத்தைக்கடியில் வைத்தாள். "நூத்தியெண்பது நாளுக்குள்ள சொல்லி அனுப்புறோம்."

அந்த நேரம் முன்வாசலில் நாலைந்து பேர் பலகை வாங்க வந்து நின்றார்கள். சக்கரக்காரி அவர்களைக் கவனிக்க எழுந்தாள். இயக்குநர், யாரும் சொல்லாமலே, ஜன்னல் பக்கம் நடந்தார்.